ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் சொல்லும் சேதி

எங்கள் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரை நாங்கள் எல்லோரும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வயது 52. முப்பது வருஷமாக மும்பைவாசி. போன ஆண்டு ஆனி மாதம், நல்ல மழை நாளில், டூட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து அன்றைக்கே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அடைப்பை எடுத்தாச்சு தம்பி. இனிமே ஒண்ணும் இல்ல" என்றார் என்னிடம். முகத்தில் பழைய தெம்பு.

ஆவணியில் ஊரில் கோயில் கொடை. குடும்பத்தோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினார். போன இடத்தில் கடைவாய்ப் பல் குடைச்சல். பல்லைப் பிடுங்க வேண்டுமானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று யாரோ சொல்ல, இரண்டையும் நிறுத்தினார். பல் போயிற்று, வலியும் போயிற்று. மாத்திரையை மறுபடி தொடங்குங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. அவருக்கும் தோன்றவில்லை. பதினோராம் நாள் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து இரண்டாவது மாரடைப்பு!

பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு மூன்று மாடி ஏறியவர் இப்போது முதல் மாடித் திருப்பத்திலேயே நின்று மூச்சு வாங்குகிறார்.

அவரைப் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். ரேஷன் கார்டு, ஆதார், மகனின் மார்க் ஷீட் ஆகியவற்றுக்கு நடுவே நாலாய் மடித்த ஒரு காகிதம். முதல் தடவை ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஹீமோகுளோபின் 10.6. கிரியேட்டினின் 1.6. மூன்று மாதச் சர்க்கரை 9.2. எல்.டி.எல். கொழுப்பு 148.

"இதெல்லாம் என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லலை, தம்பி" என்றார் அந்த அம்மாள்.

நான் பத்தாவது பாஸ் செய்த குமாஸ்தா. எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனாலும் அந்தச் சீட்டை நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். இருதய டாக்டர்களைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம்மவர்கள் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது.

அடைப்பு ஓர் இடம், வியாதி உடம்பெங்கும்

ஸ்டென்ட் என்பது கம்பி வலையால் ஆன சிறு குழாய். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் என்ற டாக்டர், விழித்திருந்த நோயாளியின் இருதயக் குழாய்க்குள் ஒரு சிறு பலூனைச் செலுத்தி ஊதி அடைப்பை விலக்கிக் காட்டினார். விலக்கிய இடம் பலருக்குச் சில மாதங்களிலேயே திரும்பச் சுருங்கியது. சுருங்காமல் முட்டுக்கொடுக்க 1986-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் புயெல் முதல் ஸ்டென்டை வைத்தார். வெறும் கம்பிக்கும் சதை வளர்ந்து மூடவே, வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட் 1999-ல் பிரேசிலில் முதன்முதலாக மனிதருக்கு வைக்கப்பட்டது. நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், வெறும் கம்பி ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று, வரி நீங்கலாக, உச்சவரம்பு கட்டியது. அதற்குமுன் லட்சத்தைத் தாண்டி எண்ணிக் கொடுத்தவர்களை எனக்கே தெரியும். பின்னர் அந்த உச்சவரம்பு சில முறை மாற்றப்பட்டது.

கருவி நல்ல கருவிதான். மாரடைப்பு வந்த நேரத்தில் உயிரைக் காக்கிறது. ஆனால் அது திறப்பது ஓர் இடத்தை மட்டுமே. அந்த இடத்தில் அடைப்பை உண்டாக்கிய சர்க்கரை, கொழுப்பு, புகை, அழுத்தம் எல்லாம் மற்றக் குழாய்களிலும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை எண்ணிக்கையாகவே காட்டியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாரடைப்பு போன்ற அவசர நிலையில் வந்து ஸ்டென்ட் சிகிச்சை பெற்ற 697 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மறுபடி இருதயத் தொல்லை வந்தது. சிகிச்சை செய்த இடத்தில் தொல்லை வந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். கை வைக்காத வேறு இடத்தில் வந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். சிலருக்கு இரண்டும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி!

"அடைப்பை எடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் இல்ல" என்ற பேச்சு எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரியும். ஸ்டென்ட் வைத்த இடத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம். மற்றவற்றைப் பற்றி அடிக்கடி, குறைந்த செலவில் சேதி சொல்லக்கூடியது ரத்தம்தான்.

ரயில்வேக்காரன் கணக்கு

ரயில்வேயில் "காஷன் ஆர்டர்" என்று ஒரு சீட்டு உண்டு. இன்ன கிலோமீட்டரில் தண்டவாளம் பலவீனம், இத்தனை வேகத்துக்கு மேல் போகாதே என்று எழுதி டிரைவர் கையில் கொடுப்பார்கள். அதற்காக அந்த இடத்தில் வண்டி கவிழ்ந்தே தீரும் என்று அர்த்தமில்லை. சீட்டே இல்லாத இடத்தில் கவிழாது என்று உத்தரவாதமும் இல்லை. ஆனால் சீட்டைப் படிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் டிரைவரை யாராவது மன்னிப்பார்களா?

ரத்தத்தில் பார்க்கும் இந்த அளவுகளும் அப்படித்தான். ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் எந்தக் கூட்டத்துக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லும். குறிப்பிட்ட ஒருவருக்கு என்றைக்கு என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்லாது.

அண்ணாச்சியின் சீட்டில் நான் சாதாரணம் என்று நினைத்துத் தாண்டிப்போன எண் கிரியேட்டினின். 1.6 என்றால் கேட்க ஒன்றரைதானே என்று தோன்றும். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலைதான் செய்கிறது என்று ஆகிறது! ஸ்டென்ட் வைத்தவர்களில் பின்னால் யாருக்குக் கெடுதல் அதிகம் என்று உலகெங்கும் பார்த்த கணக்குகளில் சிறுநீரகக் கோளாறு திரும்பத் திரும்ப முன்வரிசையில் வந்து நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே சிகிச்சைக்கு முன் ஒரு முறையும், பின்பு இரண்டு மூன்று நாளில் ஒரு முறையும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். முதல் அளவைவிட 0.5 கூடினாலோ, கால் பங்கு கூடினாலோ டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். முதல் அளவு எழுதிய சீட்டு தொலைந்துபோனால் கூடியதா, குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

அடுத்தது ஹீமோகுளோபின். இதை நம்மவர்கள் "ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்ற அளவில் விட்டுவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது பெரிய எண். ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரை (குளோபிடோகிரல், டைக்காகிரிலர் போன்றவற்றில் ஒன்று) சேர்த்து, மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஒரு வருஷம் வரை கொடுப்பார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. அதே மாத்திரை வயிற்றுப் புண்ணிலோ மூலத்திலோ ரத்தம் கசிந்தால் நிற்கவிடாமலும் செய்யும். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, யாருக்கு ரத்தக் கசிவு ஆபத்து அதிகம் என்று ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அந்த ஒன்றே போதும், ஆபத்து அதிகம் என்ற பட்டியலில் சேர்த்துவிடலாம். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் குறைந்தாலும் அப்படியே.

அண்ணாச்சிக்கு 10.6. சர்க்கரையும் சிறுநீரகமும் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகின்றன; ஹீமோகுளோபின் கசியும் ஆபத்தைக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம்! இப்படிப்பட்டவருக்கு எந்த மாத்திரை, எத்தனை மாதம் என்பது இருதய டாக்டர் தராசு பிடித்து நிறுக்க வேண்டிய விஷயம். இரண்டு மாதத்தில் பல்லுக்காக இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. பெரும்பாலும் இந்த மாத்திரைகளை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கி, ரத்தத்தை அங்கேயே அடைத்துவிட முடியும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

இங்கே கூலி வேலை, மூட்டை வேலை செய்யும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை இருக்கிறதே, டைக்ளோஃபெனாக் வகை, அது ஸ்டென்ட் மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவைக் கூட்டும். சிறுநீரகத்தையும் கெடுக்கும். அண்ணாச்சி எட்டு வருஷம் முதுகு வலிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சீட்டில் அந்த இரண்டு எண்களும் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று மாதச் சர்க்கரையையும் எல்.டி.எல்.லையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கேள்விப்பட்டவையே. சர்க்கரை வியாதிக்காரருக்கு ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். எல்.டி.எல். விஷயத்தில் ஒரு திருத்தம் மட்டும். "நூறுக்குள் இருந்தால் நார்மல்" என்று லேப் சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருப்பது பொதுமக்களுக்கு. மாரடைப்பு கண்டவருக்கு 55-க்குக் கீழே போக வேண்டும் என்று ஐரோப்பிய இருதய மருத்துவ சங்கம் 2019-ல் வகுத்தது. ஓரத்தில் இருக்கும் அச்சைப் பார்த்து, நார்மல் ஆகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே உண்டு.

காய்ச்சல்காரர் ரத்தத்தில் கண்டது

இப்போது புதிதாகப் பேசப்படுவது வேறொன்று. அதன் பெயர் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. பேச்சு புதிது, பொருள் பழையது. 1930-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் ஆராய்ச்சிக்கூடத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. காய்ச்சலுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு சும்மா படிந்து கிடப்பதில்லை, கனன்றுகொண்டிருக்கிறது. அந்தக் கனல் அதிகமானால்தான் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைகிறது. ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களுக்குப் பின்னால் மரணமும் மாரடைப்பும் கூடுதலாக வருகின்றன என்று பல ஆராய்ச்சிகள் கண்டன.

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 3-க்கு மேல் என்றால் அதிகம். 10-ஐத் தாண்டினால் அனேகமாக வேறு ஏதோ தொற்று. ஈறு வீங்கியிருந்தாலும், சளி பிடித்திருந்தாலும் இது ஏறிவிடும். ஆகவே ஜலதோஷத்தோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டுச் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சில லேப்களில் லிட்டருக்குப் பதில் டெசிலிட்டரில் அச்சிடுகிறார்கள். பத்து மடங்கு வித்தியாசம். அதையும் கவனிக்க வேண்டும்.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா? 2017-ல் விடை வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு கண்டு, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த பத்தாயிரம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு குறையவில்லை, ஆனால் மாரடைப்பு முதலிய தொல்லைகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூடவே தொற்று நோயால் இறந்தவர்கள் கொஞ்சம் அதிகமானார்கள். விலையோ எட்டாத உயரம். இருதய வியாதிக்கு அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

அதற்குப் பதிலாகப் பரிசோதிக்கப்பட்டது மலிவான கோல்ச்சிசின் மாத்திரை. இங்கேதான் எனக்கு வியப்பு! நம் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்போமே, தமிழ்நாட்டின் மாநில மலர், அதன் விதையில் இருப்பது இந்தக் கோல்ச்சிசின்தான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்தில் விதைக்காகவே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். 2019-லும் 2020-லும் வந்த இரண்டு பெரிய பரிசோதனைகள் அது பலன் தருகிறது என்றன. 2024-ல் ஏழாயிரம் பேரை வைத்துச் செய்த இன்னொன்று பலன் இல்லை என்றது. ஆக வழக்கு முடியவில்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு அது உடம்பில் தங்கி நஞ்சாகும். கிழங்கைத் தோண்டிக் கஷாயம் வைக்கலாமா என்று யாராவது நினைத்தால், கொல்லும் விஷம். வேலியோரத்துக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு.

வேறு சில பெயர்களும் சீட்டில் வரும். டிரோபோனின் என்பது இருதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிவது. ஸ்டென்ட் வைத்த மறுநாள் அது சற்றே ஏறுவது பலருக்கும் சகஜம். அதற்கு முன் சரியாக இருந்தவருக்கு உச்ச அளவைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டி, ஈ.சி.ஜி. மாற்றம் போன்ற வேறு அத்தாட்சியும் இருந்தால்தான் சிகிச்சையால் வந்த மாரடைப்பு என்று கொள்வார்கள். பி.என்.பி. என்பது 1988-ல் ஜப்பானியர்கள் பன்றியின் மூளையில் கண்டெடுத்து, மூளையின் பெயரையே வைத்துவிட்ட பொருள். நம் உடம்பில் அதை முக்கியமாகச் சுரப்பது திணறும் இருதயம்! அண்ணாச்சிக்கு இரண்டாவது தடவை அது மிக உயர்ந்திருந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்கு அதுதான் சாட்சி.

இன்னும் வெள்ளணுக்களின் விகிதம், அது இது என்று புதுப்புது அடையாளங்களைப் பற்றிக் கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. "ஸ்டென்ட் ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று இருபது முப்பது டெஸ்டுகளை ஒன்றாகக் கட்டி விற்பதையும் பார்க்கிறேன். என் சொந்த அபிப்பிராயம், காசு கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த எண் கூடி வந்தால் என் மருந்தில் என்ன மாற்றுவீர்கள்?" பதில் இல்லை என்றால் அந்த டெஸ்ட் அவசியமில்லை. கிரியேட்டினினுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் எல்.டி.எல்.லுக்கும் பதில் உண்டு. நாலும் சாதாரண லேபில் பார்க்கக்கூடியவை. நாலும் அண்ணாச்சியின் உறைக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தன.

இரண்டு ஊர்க்காரர் கஷ்டம்

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஸ்டென்ட் இங்கே வைத்திருக்கும். சீட்டு இங்கே பீரோவில் இருக்கும். ஆபத்து அங்கே கொடை விழாவில் வரும். அங்கே இருக்கும் டாக்டருக்கு எந்தத் தேதியில் வைத்தது, எந்த ஸ்டென்ட், முதல் கிரியேட்டினின் எவ்வளவு என்று எதுவும் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டையும் ரத்தச் சீட்டையும் செல்போனில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். அண்ணாச்சி வீட்டில் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் மேல் அவர் மனைவி சிவப்பு மையால் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறார்: "ஹார்ட் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது."

அவர்கள் குடும்பத்தில் இன்னொரு கவலை. அண்ணாச்சியின் தகப்பனாரும் ஐம்பதுக்குள் மாரடைப்பில் போனவர். லைப்போபுரோட்டீன்-ஏ என்று பரம்பரையாக வரும் ஒரு கொழுப்பு இருக்கிறது. ஐரோப்பியர்களைவிட நம் தெற்காசியர்களுக்கு அது அதிகம். சாப்பாட்டாலோ நடையாலோ பெரிதாக மாறாது. ஆகவே வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும். அண்ணாச்சிக்குப் பார்த்ததில் கூடுதலாக இருந்தது. தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் 24 வயது மகனுக்கு அடுத்த வாரம் ரத்தம் எடுக்கப்போகிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சியே போன் செய்தார்.

"தம்பி, புது ரிப்போர்ட் வந்திருக்கு. ஹீமோகுளோபின் 11.8. எல்.டி.எல். 61. பக்கத்துல நார்மல்னுதான் போட்டிருக்கான். இது போதுமால்லா?"

"போதாதுன்னுதான் தோணுது அண்ணாச்சி. 55-க்குக் கீழே வரணும். மாத்திரையை விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட சீட்டைக் காட்டிக் கேளுங்க."

"நாளைக்குத்தான் போறேன். கிரியேட்டினின் 1.5. பழைய சீட்டையும் கொண்டுபோறேன்" என்றார்.